தெரியுமா? ஜென்னிக் குரங்கு முதல் பெசன்ட் நகர் வரை!

1838 மார்ச் மாதம். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில், ஒட்டகச்சிவிங்கிகள் குளிரில் நடுங்காமல் இருக்கக் கதகதப்பாக வைத்திருந்த கொட்டகை. அதற்குள் ஜென்னி என்ற ஒராங்குட்டான். காவலர் ஓர் ஆப்பிளைக் காட்டுகிறார், ஆனால் கொடுக்கவில்லை. உடனே ஜென்னி மல்லாந்து விழுந்து, கை காலை உதைத்து, அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரியே அழுகிறது! அழுகையை நிறுத்தினால் தருவேன் என்று காவலர் சொல்ல, அது தேம்பலை அடக்கிக்கொண்டு ஆப்பிளை வாங்கி, கை வைத்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பரம திருப்தியோடு தின்கிறது.

இதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் 29 வயது இளைஞர் சார்லஸ் டார்வின். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவிட்டு வந்து, வெளியே சொல்லப் பயந்த ஒரு யோசனையை ரகசியக் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. பிற்பாடு ஒரு கண்ணாடியை எடுத்துப்போய் ஒராங்குட்டான்களின் முன் நீட்டி, அவை தங்கள் முகத்தைப் பார்த்து என்ன செய்கின்றன என்று குறித்துக்கொண்டார். நான்கு ஆண்டு கழித்து, 1842-ல், விக்டோரியா மகாராணியே அந்தக் காட்சிச்சாலைக்கு வந்தார். முதல் ஜென்னி அதற்குள் இறந்துவிட்டது. அதே பெயர் சூட்டிய இன்னொன்று அங்கே இருந்தது. அது தேநீர் தயாரித்துக் குடிப்பதைப் பார்த்த ராணி, மனத்தைச் சங்கடப்படுத்தும் அளவுக்கு இது மனிதரைப்போல் இருக்கிறது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒரே இன விலங்குதான். இளைஞருக்கு அது ஆனந்தம், அரசிக்கு அச்சம்!

விக்டோரியா ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தைப் பற்றி நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்தது என்ன? விஞ்ஞானம் ஒரு பக்கம், தேவாலயம் மறுபக்கம், நடுவே பெரும் போர் என்பதுதானே? அந்தக் காலத்து மனிதர்களை நெருங்கிப் பார்த்தால் திகைத்துப் போவீர்கள். போர் நடந்தது உண்மை. ஆனால் இரண்டு படைகளும் பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே மனிதரின் நெஞ்சுக்குள் நின்றன! சண்டை குரங்கைப் பற்றியதும் அல்ல, பாறையைப் பற்றியதும் அல்ல. மனிதன் யார், அவனுக்குள் இருப்பது என்ன என்பதைப் பற்றியது.

டார்வின் பாதிரியார் ஆவதற்குத்தான் கேம்பிரிட்ஜில் படித்தார், தெரியுமா? மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்து அறுவை சிகிச்சையைப் பார்க்க முடியாமல் வெளியே ஓடினார். சரி, திருச்சபைக்காவது போகட்டும் என்று தந்தை முடிவு செய்தார். கேம்பிரிட்ஜில் அவர் தங்கிய அறை, முன்பு வில்லியம் பேலி தங்கிய அறை. கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும், உயிர்களின் அமைப்பும் அப்படித்தான் என்று வாதிட்ட அதே பேலி! அந்த வாதத்தை ரசித்துப் படித்த மாணவர்தான் பிற்பாடு அதற்கு மாற்றாக வேறொரு விளக்கத்தை வைத்தார்.

டவுன் என்ற கிராமத்தில் அவர் வாழ்ந்த விதத்தைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மனைவி எம்மாவும் பிள்ளைகளும் தேவாலயத்துக்குப் போவார்கள், டார்வின் வெளியே உலாவப் போவார். எம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர், ஆனால் திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் மரபில் வளர்ந்தவர். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சபை முழுதும் பீடத்தை நோக்கித் திரும்பும், எம்மாவும் பிள்ளைகளும் மட்டும் திரும்பாமல் நேரே பார்த்து நிற்பார்கள்! அந்தக் குடும்பத்தில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு விதத்தில் சபையோடு முரண்பட்டார்கள். அதே டார்வின் ஊர்ப் பாதிரியார் இன்னெஸுக்கு உயிர் நண்பர், கிராமத்து ஏழைகளின் நிலக்கரி, துணி உதவி நிதிக்குக் கணக்குப் பார்த்தவர். 1851-ல் மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். அதன்பின் நல்லவரான கடவுள் என்ற எண்ணம் அவருக்குள் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அந்த இழப்பு எந்தப் புதைபடிவத்தையும்விட அவரை அதிகமாக மாற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

டார்வினுக்கு 15 ஆண்டு முன்பே பரிணாமம் பற்றிய ஒரு புத்தகம் இங்கிலாந்தைக் கலக்கிவிட்டது, தெரியுமா? 1844-ல் வந்த அந்த நூலின் பெயர் 'படைப்பின் இயற்கை வரலாற்றுச் சுவடுகள்'. எழுதியவர் பெயர் இல்லை! ராணியின் கணவர் ஆல்பர்ட் அதை ராணிக்கு உரக்கப் படித்துக்காட்டினார். எழுதியது ஆல்பர்ட்டே என்று சிலர் கிசுகிசுத்தார்கள், நாவலாசிரியர் தாக்கரே என்றார்கள், ஏடா லவ்லேஸ் என்றார்கள். உண்மையில் எழுதியவர் எடின்பரோ பதிப்பாளர் ராபர்ட் சேம்பர்ஸ். கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் தன் கையால் நகலெடுத்தார். மான்செஸ்டரில் இருந்த நண்பர் ஒருவர் வழியாக அச்சகத்துக்குப் போனது. ஏன் மறைக்கிறீர்கள் என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டபோது, சேம்பர்ஸ் தன் வீட்டைக் காட்டி, அதற்குப் பதினோரு காரணங்கள் உண்டு என்றார். வீட்டுக்குள் இருந்தவர்கள் அவருடைய பதினோரு பிள்ளைகள்! இன்னொன்று கேளுங்கள்: உடலமைப்பு எப்படி மாறுகிறது என்று எழுதிய அந்த மனிதர் கைகளில் ஆறாறு விரல்களோடு பிறந்தவர். 1871-ல் அவர் இறந்தார், ரகசியம் 1884-ல்தான் அச்சில் வெளியானது.

இப்போது 1858 ஜூலை 1. லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இருவரின் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டன. உலகத்தையே திருப்பிப்போட்ட அந்தக் கூட்டத்தில் எழுதிய இருவருமே இல்லை! வாலஸ் மலாய்த் தீவுகளில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார். டார்வினின் கைக்குழந்தை மூன்று நாள் முன்புதான் செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்திருந்தது. அந்த ஆண்டில் புரட்சிகரமான கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்று சங்கத்தின் தலைவர் பிறகு அறிக்கை வாசித்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 24 அன்று 'உயிரினங்களின் தோற்றம்' வந்தது. அச்சான 1,250 பிரதிகளில் விற்பனைக்கு வந்த அனைத்தையும் புத்தக வியாபாரிகள் உடனே எடுத்துக்கொண்டார்கள். முதலில் பாராட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார்! தாமே தம்மை வளர்த்துக்கொள்ளும் உயிர்களைப் படைப்பது கடவுளுக்கு இன்னும் பெருமை என்ற பொருளில் அவர் எழுதியதை, டார்வின் இரண்டாம் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

1860-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்சும் தாமஸ் ஹக்ஸ்லியும் டார்வினின் கொள்கையைப் பற்றி மோதிய கதையை எல்லோரும் சொல்வார்கள், அதை விடுங்கள். அந்தக் கூட்டத்தில் விவிலியத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் கத்திய ஒருவர் இருந்தார். டார்வினைப் பீகிள் கப்பலில் உலகம் சுற்றிக்காட்டிய அதே கேப்டன் ஃபிட்ஸ்ராய்! பிரிட்டனில் வானிலை முன்னறிவிப்பைத் தொடங்கியவரும் இவர்தான். வானம் நாளை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்ன அறிவியலாளர், படைப்புக் கதையில் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்க முடியாமல் தவித்தார்.

ஆனால் அந்த ஆண்டு திருச்சபையை நிஜமாகவே உலுக்கியது டார்வின் நூல் அல்ல! 'கட்டுரைகளும் விமர்சனங்களும்' என்ற தொகுப்பு. ஏழு பேர் எழுதினார்கள், அதில் ஆறு பேர் பாதிரியார்கள். விவிலியத்தையும் மற்ற நூல்களைப்போலவே ஆராய்ந்து படிக்கலாம் என்றார்கள். இரண்டே ஆண்டில் 22,000 பிரதிகள் விற்றன. எழுவரில் ஒருவரான பேடன் பவல், டார்வின் நூலை அதிலேயே வெளிப்படையாகப் புகழ்ந்தார். சாரணர் இயக்கம் கண்ட பேடன் பவலின் தந்தை அவர்! திருச்சபைக் கொள்கையை மீறியதாக இரண்டு ஆசிரியர்கள் மீது வழக்கு. 1864-ல் மேல்முறையீடு கடைசி மன்றத்துக்குப் போனது. நித்திய நரக தண்டனை உண்டு என்று ஒரு பாதிரியார் நம்பியே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை எனத் தீர்ப்பு வந்தது. நரகத்தையே செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்துவிட்டார் நீதிபதி என்று ஊர் பேசியது. கொதித்துப்போய்ச் சுமார் 11,000 பாதிரியார்கள் எதிர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த எழுவரில் இன்னொருவரான ஃபிரெடரிக் டெம்பிள், 1896-ல் கேன்டர்பரி பேராயராக, திருச்சபையின் உச்சிக்கே போனார்!

ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா? சிரிக்காதீர்கள். ஃபிலிப் கோஸ் என்ற முதல்தரக் கடல் உயிரியலாளர் 1857-ல் இதை வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததுபோல, பூமியும் புதைபடிவங்களோடு, கடந்துபோன காலத்தின் தழும்புகளோடுதான் ஒரே கணத்தில் படைக்கப்பட்டது என்றார். விஞ்ஞானமும் வேதமும் சமாதானமாகிவிடும் என்று நம்பினார் பாவம், இரு தரப்பும் ஏற்கவில்லை. கடவுள் பாறைகளில் பொய் எழுதிவைப்பாரா என்று நண்பர் கிங்ஸ்லியே வருந்தினார். இன்று வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறோமே, அந்த மோகத்தை இங்கிலாந்தில் பரப்பியதும் இதே கோஸ்தான்.

எனக்கு இந்தக் காலத்தில் மிகவும் பிடித்த மனிதர் ஜான் வில்லியம் கொலென்சோ. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஆங்கிலிக்கன் பிஷப். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் இரண்டாமிடம் பெற்றவர், பள்ளிப் பிள்ளைகள் படித்த எண்கணித நூல்களின் ஆசிரியர். சூலு மொழி கற்று, விவிலியத்தை அதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கூட இருந்து உதவியவர் வில்லியம் இங்கிடி என்ற சூலு மனிதர். நோவாவின் பெருவெள்ளக் கதைக்கு வந்தபோது இங்கிடி கேட்டார்: இதெல்லாம் நிஜமாக நடந்ததா? உலகத்து விலங்குகள் எல்லாம் ஒரு பேழைக்குள் வந்தனவா? கொலென்சோ நிலவியல் படித்தவர். கடவுளின் பெயரால் ஒரு பொய்யைச் சொல்ல அவருடைய நாக்கு எழவில்லை.

உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்! மோசேயின் காலத்தில் ஆறு லட்சம் ஆண்கள் கூடாரத்தின் வாசலில் கூடினார்கள் என்கிறது வேதம். கூடாரத்தின் அகலத்துக்கு நெருக்கி நிறுத்தினால் வரிசை ஏறக்குறைய 20 மைல் நீளும். பிள்ளை பெற்ற தாய்மார் காணிக்கையாகத் தரவேண்டிய புறாக்களை எண்ணினார். இருந்த மூன்று குருமாரும் ஆளுக்கு 88 புறா வீதம் நாள்தோறும் தின்றிருக்க வேண்டும்! 1862-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டதும் வெடித்தது. கேப்டவுன் பிஷப் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார், 1865-ல் லண்டன் மன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. ஆப்பிரிக்கரை நாகரிகப்படுத்தப் போன பிஷப்பை ஓர் ஆப்பிரிக்கரே மாற்றிவிட்டார் என்று லண்டன் கேலி பேசியது. கேலியாகச் சொன்னாலும் அது எவ்வளவு பெரிய உண்மை! நேர்மையான ஒரு கேள்வியை எவர் கேட்டாலும் மதித்துப் பதில் தேடிய கொலென்சோ, பிற்காலத்தில் சூலு மன்னர் செட்ஷ்வாயோவுக்கு நியாயம் கேட்டு ஆங்கிலேய அரசையே எதிர்த்து நின்றார். சூலு மக்கள் அவரை 'மக்களின் தந்தை' என்ற பொருளில் சோபன்டு என்று அழைத்தார்கள்.

பூமியின் வயது? கிறிஸ்துவுக்கு முன் 4004-ல் படைப்பு என்ற பேராயர் அஷரின் கணக்கு விவிலியத்தின் ஓரங்களிலேயே அச்சாகியிருந்தது. டார்வின் ஒரு பள்ளத்தாக்கு அரித்துப்போக மட்டுமே 30 கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்றார். அவரை மடக்கியது பாதிரியார் அல்ல, இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு! கொதித்த உருண்டை குளிர எவ்வளவு காலமாகும் என்று 1862-ல் கணக்கிட்டு, பூமிக்கே 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுதான் வயது என்றார். டார்வின் தன் எண்ணை அதற்கு முந்தைய ஆண்டே நூலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். இன்று நமக்குத் தெரிந்த வயது சுமார் 450 கோடி.

பிரசவ வலியைக் குறைப்பது பாவமா? 1847-ல் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் நண்பர்களோடு சாப்பாட்டு மேசையில் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தை முகர்ந்து பார்த்தார், எல்லோரும் மேசைக்கடியில் விழுந்து கிடந்தார்கள். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளிடம் சொல்லப்பட்டதே, அதை மீறலாமா என்று ஆட்சேபம் கிளம்பலாம் என எதிர்பார்த்து சிம்ப்சன் வேதத்திலிருந்தே பதில் எழுதிவைத்தார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவர் அவனை அயர்ந்த தூக்கத்தில் ஆழ்த்தவில்லையா? 1853-ல் விக்டோரியா மகாராணி, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரே, இளவரசர் லியோபோல்டைப் பெறும்போது குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். அதற்குமேல் எவர் வாய் திறப்பார்!

இனி மண்டைக்கு வருவோம். மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவி குணத்தைச் சொல்லும் மண்டையியல் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய 'விஞ்ஞானம்' தெரியுமா? உச்சந்தலை உயர்ந்திருந்தால் பக்தி அதிகம், காதுக்கு மேலே புடைத்திருந்தால் அழிக்கும் குணம். கடவுள் பக்திக்கும் மண்டைக்குள் ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்கள்! ஜார்ஜ் கோம் எழுதிய 'மனிதனின் அமைப்பு' என்ற நூல் 1828-ல் வந்து லட்சம் பிரதிகள் போனது. அரண்மனையே கோமை அழைத்து அரச குழந்தைகளின் தலையைக் காட்டியது. நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் தன் தலைக்கு வார்ப்பு எடுத்துக்கொண்டார். சார்லட் பிராண்டி 1851-ல் தன் பதிப்பாளரோடு வேறு பெயரில் போய்த் தலையைக் காட்டினார். டார்வினின் கப்பல் பயணமே இந்த வகை நம்பிக்கையால் நின்றுபோயிருக்கும்! முகத்தை வைத்துக் குணம் சொல்ல முடியும் என நம்பிய ஃபிட்ஸ்ராய், டார்வினின் மூக்கைப் பார்த்து, இந்த மூக்கு உள்ளவனுக்குப் பயணத்துக்கு வேண்டிய உறுதி இருக்குமா என்று சந்தேகப்பட்டார். ஒரு மூக்கில் தொங்கியது வரலாறு.

மண்டையியலை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மேடு பள்ளம் பொய்தான். ஆனால் மனம் என்பது மூளையில் இருக்கிறது, மூளையின் வெவ்வேறு பகுதிக்கு வெவ்வேறு வேலை என்ற எண்ணத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்த்தது அதுதான். இதன் பக்கத்து வீட்டுக்காரர் மெஸ்மெரிசம். லண்டன் பேராசிரியர் ஜான் எலியட்சன், ஓகி சகோதரிகள் என்ற நோயாளிப் பெண்களை மயக்க நிலைக்குக் கொண்டுபோய்க் கூட்டம் கூட்டினார், சார்லஸ் டிக்கன்ஸ் அவரிடமே அந்தக் கலையைக் கற்றார். நிக்கல் உலோகம் அந்த மயக்கும் சக்தியைக் கடத்தும், ஈயம் கடத்தாது என்றார்கள். 1838 ஆகஸ்டில் 'லான்செட்' இதழின் ஆசிரியர் வேக்லி, சத்தமில்லாமல் இரண்டையும் மாற்றி வைத்தார். நிக்கல் வருகிறது என்று காதில் விழுந்ததுமே, தொட்டது ஈயமாக இருந்தும் அந்தச் சகோதரிகளில் ஒருத்தி துடித்தாள்! எலியட்சன் அந்த ஆண்டே பதவி விலகினார்.

முகவரி எழுத மறந்து தபால் பெட்டியில் போடப்படும் கடிதங்கள் கடவுளுக்குச் சவால் விட்ட கதை தெரியுமா? 1857-ல் ஹென்றி பக்கிள் என்ற வரலாற்றாசிரியர் புள்ளிவிவரங்களைக் கொட்டினார். தற்கொலைகள், திருமணங்கள், குற்றங்கள் எல்லாம் ஆண்டுக்காண்டு கிட்டத்தட்ட ஒரே அளவில் நிகழ்கின்றன. முகவரி இல்லாமல் போடும் கடிதங்களின் விகிதம்கூட மாறுவதில்லை! மறதிக்கே ஒரு விதி இருந்தால் மனிதனின் சுய விருப்பம் எங்கே, பாவம் எங்கே, தண்டனை எங்கே? ஊர் நடுங்கியது. ஆனால் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதே வகைப் புள்ளிவிவரங்களில் கடவுளின் கையெழுத்தைப் பார்த்தார். எண்களைப் படிப்பது அவருக்கு வழிபாடு.

வழிபாடு என்றதும் பிரார்த்தனை. 1853-ல் காலரா பயம் வந்தபோது, நாடு முழுக்க உபவாச நாள் அறிவிக்கலாமா என்று எடின்பரோ சபையார் உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டனைக் கேட்டார்கள். முதலில் ஏழைகள் வாழும் தெருக்களைச் சுத்தம் செய்யுங்கள் என்றார் அவர். 1872-ல் அடுத்த குண்டு விழுந்தது. ஒரு மருத்துவமனை வார்டை எடுத்துக்கொண்டு, சில ஆண்டு அந்த நோயாளிகளுக்காக நாடே பிரார்த்திக்கட்டும், பிறகு சாவு எண்ணிக்கையை ஒப்பிடுவோம் என்று ஒரு யோசனை அச்சில் வந்தது. அதே ஆண்டு டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டன் இன்னும் ஒரு படி போனார். ஒவ்வொரு ஞாயிறும் தேசமே அரசர்களின் நீண்ட ஆயுளுக்காகப் பிரார்த்திக்கிறதே, பலித்ததா? கணக்கெடுத்தார். வசதியான வகுப்பாரில் மிகக் குறைந்த சராசரி ஆயுள் அரச குடும்பத்தாருக்குத்தான், 64 வயது!

கால்டனின் மூளை பிரமிக்கவைக்கிறது, அவர் போன பாதை பயமுறுத்துகிறது. கைரேகை ஒருவருக்கொருவர் வேறுபடும் என்பதை உறுதியாக நிறுவியவர் அவர். அதற்கு விதை, வங்காளத்தின் ஜங்கிபூரில் 1858-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒப்பந்தக்காரர் ராஜ்யதர் கோனாயிடம் வாங்கிய உள்ளங்கைப் பதிவு! ஆனால் நல்ல பிறப்பு, கெட்ட பிறப்பு என்று மனிதரைப் பிரித்து, சிலர் பெருகவும் சிலர் அருகவும் வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கைக்கு 1883-ல் பெயர் வைத்தவரும் அவரே. பிரார்த்தனையைக் கேள்வி கேட்டவர், தன் வர்க்கத்தின் மேன்மையை மட்டும் கேள்வி கேட்கவில்லை. அதற்கான விலையை அடுத்த நூற்றாண்டு ரத்தத்தில் கொடுத்தது.

யானை அழுமா? இலங்கையில் பிடிபட்ட யானைகள் கண்ணீர் வழியக் கிடந்ததாக டெனன்ட் என்பவர் எழுதியதைப் படித்த டார்வின், லண்டன் காட்சிச்சாலை யானைகளைப் பிளிறவைத்து அவற்றின் கண் தசைகள் சுருங்குகின்றனவா என்று பார்த்தார்! 1872-ல் வந்த உணர்ச்சிகள் பற்றிய அவருடைய நூலில் இது இருக்கிறது. வெட்கம், கோபம், துக்கம் எல்லா மனிதருக்கும் ஒரே முகபாவம்தானா என்று பாதிரிமாருக்கும் அதிகாரிகளுக்கும் உலகம் முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பிச் சேகரித்த நூல் அது. எல்லா இனமும் ஒரே குடும்பம் என்பதற்கு அவர் காட்டிய சாட்சி.

இப்போது ஆவிகள்! இந்தப் பகுதிதான் என்னைத் தூங்கவிடாதது. 1853-ல் இங்கிலாந்து வீடுகளில் மேசைகள் தாமாகச் சுழன்றன. ஆவி என்றார்கள், மின்சாரம் என்றார்கள். மைக்கேல் ஃபாரடே களத்தில் இறங்கினார். இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து, மேசை கையைத் தள்ளுகிறதா, கை மேசையைத் தள்ளுகிறதா என்று காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தினார். கைதான் தள்ளியது, தள்ளுபவருக்கே தெரியாமல்! முள்ளைக் கண்ணால் பார்த்தவுடன் அசைவு நின்றது. ஏமாற்று அல்ல, நமக்குள்ளேயே நமக்குத் தெரியாமல் வேலை செய்யும் ஒரு பகுதி இருக்கிறது என்பதே அவர் கண்டது. இந்த ஃபாரடே நாத்திகர் அல்ல, சாண்டிமேனியன் என்ற மிகச் சிறிய கிறிஸ்தவச் சபையின் மூப்பர்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்த வில்லியம் குரூக்ஸ், கேட்டி கிங் என்ற ஆவியைத் தன் வீட்டிலேயே புகைப்படம் எடுத்தேன் என்றார். பிற்பாடு ராயல் சொசைட்டியின் தலைவரும் ஆனார்! எல்லாவற்றையும்விட வியப்பு வாலஸ். இயற்கைத் தேர்வைத் தானாகவே கண்டுபிடித்த அதே மனிதர், மனிதனின் மனம் மட்டும் அதனால் உருவாகியிருக்க முடியாது, மேலான ஓர் அறிவு வழிநடத்தியது என்று 1869-ல் எழுதினார். நம் இருவரின் பிள்ளையையும் கொன்றுவிடாதீர்கள் என்று டார்வின் கடிதத்தில் மன்றாடினார். 1874 ஜனவரியில் டார்வினின் அண்ணன் வீட்டிலேயே ஓர் ஆவி அமர்வு நடந்தது. கால்டன், ஜார்ஜ் எலியட் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்தார்கள். டார்வின் புழுக்கம் தாங்காமல் அற்புதங்கள் தொடங்குமுன்பே மாடிக்குப் போய்விட்டார்.

1876-ல் விவகாரம் நீதிமன்றம் ஏறியது. ஆவிகள் சிலேட்டில் எழுதும் என்று காசு வாங்கிய ஹென்றி ஸ்லேடிடமிருந்து, இளம் விலங்கியலாளர் லாங்கெஸ்டர் சிலேட்டைச் சட்டென்று பிடுங்கினார். ஆவி எழுதத் தொடங்குமுன்பே அதில் எழுத்து இருந்தது! ஸ்லேடுக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னவர் வாலஸ். ஸ்லேடுக்கு எதிரான வழக்குச் செலவுக்கு ரகசியமாக 10 பவுண்டு கொடுத்தவர் டார்வின். இரு நண்பர்கள் ஒரே வழக்கில் எதிரெதிரே! இதோடு உறவு முறிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? வாலஸ் வறுமையில் வாடியபோது, பிரதமர் கிளாட்ஸ்டன் வரை மன்றாடி, 1881-ல் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் வாங்கிக்கொடுத்தது டார்வினேதான். மறு ஆண்டு டார்வின் மறைந்தார். சந்தேகவாதியான அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். பெட்டியைச் சுமந்து சென்றவர்களில் ஹக்ஸ்லியும் இருந்தார், வாலஸும் இருந்தார்.

நம் ஊருக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது! சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பிரமாணம் எடுக்கக்கூடாது என்று நாடாளுமன்றம் தடுத்தது. பெரிய மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்தும் வைத்தது. தொகுதி மக்கள் மறுபடி மறுபடி அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1886-ல்தான் இருக்கை கிடைத்தது. அவருடைய போராட்டத்தின் அலை சென்னை வரை அடித்தது. 1882 முதல் 1888 வரை, சென்னையில் சுயசிந்தனையாளர்கள் சிலர் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தி, சாதியையும் மூடநம்பிக்கையையும் விஞ்ஞானத்தை வைத்துக் கேள்வி கேட்டார்கள். பெரியார் பிறந்தது 1879-ல் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் சிறு பிள்ளையாக இருந்த காலத்திலேயே இங்கே இந்தக் குரல் அச்சேறிவிட்டது!

பிராட்லாவின் தோளோடு தோள் நின்றவர் ஒரு பாதிரியாரின் மனைவியாக இருந்து, நம்பிக்கை இழந்து வெளியேறிய ஆனி பெசன்ட். 1877-ல் கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காக இருவர் மீதும் ஆபாச வழக்கு. சாட்சி சொல்ல டார்வினை அழைத்தார்கள், உடல்நலமில்லை, கருத்திலும் உடன்பாடில்லை என்று அவர் மறுத்தார். தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் நாத்திகத் தாயிடம் பிள்ளை வளரக்கூடாது என்று சொல்லி, பெசன்டின் மகளை நீதிமன்றம் பிரித்துக் கொண்டுபோனது. அந்த வேதனையோடு அவர் விஞ்ஞானம் படித்தார், தொழிலாளர்களுக்கு வகுப்பெடுத்தார். 1883-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி தாவரவியல் வகுப்பில் அவருக்கு இடம் தர மறுத்தது.

அப்புறம் நடந்ததை எந்த நண்பரும் எதிர்பார்க்கவில்லை. 1889-ல் மதிப்புரைக்காக வந்த பிளாவட்ஸ்கி அம்மையாரின் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, பெசன்ட் ஆன்மிகம் பேசும் பிரம்மஞான சபையில் சேர்ந்துவிட்டார்! அதே நாட்களில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் காந்தியைப் பிரம்மஞான சபை நண்பர்கள் பிளாவட்ஸ்கியிடமும் பெசன்டிடமும் அழைத்துப்போனார்கள். காந்தி பகவத் கீதையை முதன்முதலாகப் படித்ததும் அந்த நண்பர்களோடு, அந்த விக்டோரியா லண்டனில், ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். 1891-ல் பிராட்லா இறந்தபோது, அவருடைய அடக்கத்துக்குப் புரூக்வுட் கல்லறைக்குப் போனவர்களில் காந்தியும் ஒருவர். திரும்பும் வழியில் ரயிலடியில் ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரை மடக்கி, பூமியின் சுற்றளவு தெரிகிறதே, உங்கள் கடவுளின் அளவு என்ன என்று கேட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வி காந்திக்குப் பிடிக்கவில்லை, நாத்திகத்தின் மீது அவருக்கு இருந்த வெறுப்பு கூடியதுதான் மிச்சம்.

1893 நவம்பரில் ஆனி பெசன்ட் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து தூத்துக்குடியில் இந்திய மண்ணை மிதித்தார். 1907-ல் அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவரானார், 1933-ல் அங்கேயே மறைந்தார். மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறீர்களே, அந்த ஊரின் பெயரில் இருப்பவர், லண்டன் தொழிலாளர்களுக்குக் கடவுள் இல்லை என்றும் உயிரியல் இதுதான் என்றும் ஒரு காலத்தில் பாடம் நடத்திய அதே பெண்மணி!